விடிகாலையில் அறை, நாலு பேர் பதிவில் ஒன்பது பேர்: சரியா, முடியாதா, காசா?

போன டிசம்பரில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "மேடம், ரெண்டு நாளா ஒரே பனி. போட்டோல காட்டுன வியூ ஒண்ணுமே தெரியல. பாதி அமவுண்ட் ரிட்டர்ன் பண்ணுங்க." கீழ் அறையில் தங்கியிருந்தவர், மாடியில் இருக்கும் எனக்கு அனுப்பியது. நடுவில் பன்னிரண்டு படிதான்.

கொடைக்கானலில் நாயுடுபுரத்துப் பக்கம் எங்கள் வீடு. கீழே இரண்டு அறை, தோட்டத்து ஓரத்தில் ஒரு சின்ன காட்டேஜ். ஏழு வருடமாக வாடகைக்கு விடுகிறோம். பாதிப் பேர் ஏர்பிஎன்பி மாதிரி அறை பதிவு செய்யும் இணையத் தளங்கள் வழியாக வருகிறார்கள், மீதிப் பேர் தெரிந்தவர் சொல்லிப் போன் செய்து வருகிறார்கள். இந்த ஏழு வருடத்தில் கேட்காத கேள்வி இல்லை. காட்டெருமை தோட்டத்தில் நிற்கிறது, விரட்டிவிடுங்கள் என்று இரவு பதினொரு மணிக்குக் கேட்டிருக்கிறார்கள். அது ஆயிரம் கிலோவுக்குக் கிட்ட இருக்கும். நான் ஐம்பத்தெட்டு கிலோ.

இப்படிக் கேட்கும்போது நமக்கு இருக்கும் வழிகள் நாலைந்துதான். சரி என்று கொடுத்துவிடலாம், முடியாது என்று நிறுத்திக்கொள்ளலாம், காசு வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். கேட்டதைக் கொடுக்காமல் பக்கத்தில் இருக்கும் வேறொன்றைக் கொடுக்கலாம். கேட்பதற்கு முன்பே எழுதி வைத்து, கேள்வியே வராமல் பார்த்துக்கொள்ளலாம். நான் எல்லாவற்றையும் செய்து பார்த்தவள். எல்லாவற்றிலும் ஒரு தடவையாவது சூடும் பட்டிருக்கிறேன். எது எங்கே எடுபடும், எங்கே எடுபடாது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கீசர் சுடவில்லை, போர்வை ஈர வாடை அடிக்கிறது, வைஃபை இருக்கிறது என்று போட்டீர்களே வரவில்லை என்பதெல்லாம் அநியாயக் கோரிக்கையில் சேராது. அவையெல்லாம் நாம் காசு வாங்கிக்கொண்டு பாக்கி வைத்திருப்பவை. வீட்டுக்காரர்கள் நாலு பேர் கூடிப் பேசும்போது இவற்றையும் "இந்தக் கெஸ்ட் தொல்லை" கணக்கில் சேர்ப்பதைப் பார்த்திருக்கிறேன். கூடாது.

மீதிக் கோரிக்கைகளைப் பிரிக்க நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இவர் கேட்பது யாருடைய பொருள்? என் தூக்கம், என் நேரம், என் காலி அறை என்றால் அது என்னுடையது. கொடுப்பதா, விற்பதா என்று நான் முடிவு செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம், அடுத்து வருகிறவருக்கான தண்ணீர், காடு, சட்டம் என்றால் அது என் கையில் இல்லாத பொருள். அதை விற்கவும் முடியாது, சும்மா கொடுக்கவும் முடியாது. முதல் மூன்று வருடம் இந்தப் பிரிவினை எனக்குப் புரியவில்லை. எவ்வளவு சிரித்துக்கொண்டே கேட்கிறார் என்பதை வைத்துச் சரி சொல்லிக்கொண்டிருந்தேன்.

விடிகாலையில் அறை கேட்பவர்கள்

எண்ணிக்கையில் இதுதான் முதல். சென்னையிலிருந்து இரவுப் பேருந்தில் வருகிறவர்கள் ஆறிலிருந்து எட்டு மணிக்குள் மேலே வந்துவிடுவார்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸ் ரயிலில் வருகிறவர்கள் கொடை ரோடு ஸ்டேஷனில் விடியும் முன்பே இறங்கி, எண்பது கிலோமீட்டர் வளைவு வளைவாக ஏறி, எட்டு மணிவாக்கில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எங்கள் செக்-இன் மதியம் ஒரு மணி. முந்தைய இரவு தங்கியவர் காலி செய்வது பதினொரு மணி. நடுவில் இரண்டு மணி நேரத்தில் இரண்டு அறையையும் காட்டேஜையும் சுத்தம் செய்ய வேண்டும்.

சும்மா கொடுத்துப் பார்த்தேன். அறை காலியாக இருந்தால் என்ன நஷ்டம் என்று தோன்றும். நஷ்டம் அன்றைக்குத் தெரியாது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் முந்தின இரவே அறையைத் தயார் செய்து, காலை ஐந்தரைக்குக் கேட்டைத் திறக்க எழுந்திருக்க வேண்டும். அப்புறம் அதே ஆட்கள் அடுத்த வருடம் மே மாதத்தில் வந்து, "போன தடவை காலைலயே குடுத்தீங்களே" என்பார்கள். மே மாதத்தில் எங்கே காலி அறை? போன தடவை செய்த நல்லது இந்தத் தடவைக் குறையாகிவிடும்.

கண்டிப்பாக ஒரு மணிக்குத்தான் என்றும் இருந்து பார்த்தேன். ஒரு ஜனவரியில் நாலு வயதுக் குழந்தையோடு ஒரு குடும்பம் கேட்டுக்கு வெளியே காருக்குள் உட்கார்ந்திருந்தது. வெளியே எட்டு டிகிரி இருக்கும். விதி என் பக்கம்தான். ஆனாலும் காபி தொண்டையில் இறங்கவில்லை.

காசு வாங்குவது பாதி பலித்தது. எங்கள் அறை வாடகை 3,200. காலை ஏழு மணிக்கே வேண்டுமென்றால் பாதி, அதாவது 1,600 என்றேன். அறை காலியாக இருந்த நாட்களில் நிறையப் பேர் கொடுத்தார்கள். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பாதி வாடகை வாங்கிக்கொண்டு "உறுதி" சொல்லிவிட்டால், முந்தைய இரவுக்கு அந்த அறையை வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. அப்போது 1,600-க்காக 3,200-ஐ விட்டுக்கொடுக்கிறோம். சீசனில் இரண்டு தடவை இப்படி ஏமாந்த பிறகு கணக்கு புரிந்தது. உறுதியாக வேண்டுமென்றால் முந்தைய இரவையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். அன்றைக்குக் காலையில் காலியாக இருந்தால் மட்டும் பாதி வாடகை. இரண்டையும் குழப்பக் கூடாது.

கடைசியில் ஜெயித்தது வேறொன்று. மாடிப்படிக்குக் கீழே சாமான் போட்டு வைத்திருந்த ஒரு சின்ன அறையைக் காலி செய்து, ஒரு கீசர், நாலு துண்டு, பெஞ்சு, கண்ணாடி வைத்தோம். பெட்டியை வைத்துவிட்டு, குளித்து, டீ குடித்துவிட்டு ஊர் சுற்றப் போய்விடலாம். இதற்குக் காசு வாங்குவதில்லை. பத்தில் எட்டுப் பேர் இதோடு அடங்கிவிடுகிறார்கள். இரவெல்லாம் பேருந்தில் வந்தவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது ஒரு சுத்தமான பாத்ரூம். அறை என்று கேட்பது அதற்கு வேறு பெயர் தெரியாததால். மலையோர நடைபாதையான கோக்கர்ஸ் வாக்கில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய்விடலாம் என்று சொன்னால் அவர்களே கிளம்பிவிடுவார்கள்.

இடம் இருக்கிற வீட்டுக்காரர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பாதி வாடகை வசூலிப்பதைவிட இது மலிவு, மனசுக்கும் நிம்மதி. ஒரே அறை வைத்து நடத்துகிறவர்களுக்கு இது முடியாது. அவர்கள் பாதி வாடகை முறையோடு, பெட்டியை வைத்துக்கொள்வதை மட்டும் செய்யலாம்.

நாலு பேர் என்று சொல்லி ஒன்பது பேர்

இது வேறு ஜாதி. ஒரு மே மாதம் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் காட்டேஜுக்கு இரண்டு கார் வந்து நின்றது. பதிவில் நாலு பேர். இறங்கியவர்கள் ஒன்பது பேர், ஒரு பாட்டி உள்பட. "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மேடம், தரைல படுத்துக்குவாங்க."

படுக்க இடம் இருக்கிறதா என்பதா பிரச்சினை? தண்ணீர்தான். நகர வீடுகளுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு போடும் கணக்கு. ஒன்பது பேருக்கு 1,215 லிட்டர். காட்டேஜுக்கு மேலே இருப்பது ஆயிரம் லிட்டர் தொட்டி. கோடையில் எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது, லாரித் தண்ணீர் வாங்க வேண்டும். லாரிக்காரர் சனி ஞாயிறில் போனையே எடுக்க மாட்டார். அப்புறம் செப்டிக் டேங்க். அதைப் பற்றி விவரமாக எழுத வேண்டாம்.

திருப்பி அனுப்பலாமா? விதிப்படி அனுப்பலாம். மே மாதச் சனிக்கிழமை இரவில், பாட்டியை வைத்துக்கொண்டு அவர்கள் எங்கே போவார்கள் என்று யோசித்தால் வாய் வராது. இதைத் தெரிந்துகொண்டுதான் இருட்டிய பிறகு வருகிறார்களோ என்று சில சமயம் சந்தேகம் வரும். எல்லாரும் அப்படி இல்லை. நம் ஊர்க் குடும்பங்களில் குழந்தைகளைத் தலைக்கணக்கில் சேர்ப்பதில்லை, அம்மா அப்பாவை "கூட வருவாங்க" என்று தனியாகச் சொல்வார்கள். நாலு பேர் என்று அவர் மனதாரச் சொல்லியிருப்பார்.

சும்மா விட்டால் ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டி காலி, பக்கத்து அறைக்காரருக்குத் தண்ணீர் இல்லை, அவர் நமக்கு இரண்டு நட்சத்திரம் போடுவார். ஒன்பது பேரைச் சந்தோஷப்படுத்தப் போய், ஒழுங்காக வந்த இரண்டு பேருக்கு அநியாயம் செய்ததாகும். நான் செய்திருக்கிறேன்.

தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதில் இன்னொரு சிக்கல். கூடுதல் ஆளுக்கு 600 என்று சொன்ன மறுநிமிடம், "அஞ்சு பேருக்கு ரெண்டாயிரம் வச்சுக்கோங்க" என்று பேரம் தொடங்கும். விலை சொன்னால் அளவு இல்லை என்று அர்த்தமாகிவிடுகிறது. ஒன்பதுக்குக் காசு வாங்கினால் அடுத்தவர் பன்னிரண்டோடு வருவார், காசோடுதான் வருவார். தொட்டி மட்டும் அதே ஆயிரம் லிட்டர்.

ஆகவே இப்போது இரண்டு கோடு வைத்திருக்கிறேன். காட்டேஜில் நாலு பேருக்கு வாடகை. கூட இரண்டு பேர் வரை தலைக்கு 600, அந்தத் தொகை பதிவுப் பக்கத்திலேயே இருக்கும். ஆறுக்கு மேல் எந்த விலைக்கும் கிடையாது. மீதிப் பேருக்கு இடம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. எங்கள் தெருவிலேயே அறை விடும் மூன்று வீட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் போன் செய்து கொள்வோம். அந்த ஒன்பது பேரில் நாலு பேர் பக்கத்து வீட்டில்தான் படுத்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே வாடகை கொடுத்தார்கள், காலையில் எல்லாரும் எங்கள் திண்ணையில்தான் டீ குடித்தார்கள்.

தளம் வழியாக வந்தவரிடம் கூடுதல் தொகையைக் கையில் வாங்காதீர்கள். ஏர்பிஎன்பியில் வெளியே பணம் வாங்குவது விதிமீறல். கூடுதல் ஆளுக்கான கட்டணத்தைப் பதிவிலேயே போட்டு வைக்க வசதி இருக்கிறது. வந்த பிறகு ஆள் கூடினால் அங்கேயே கோரிக்கை அனுப்பி வாங்கலாம். கையில் வாங்கிவிட்டு நாளைக்கு ஏதாவது உடைந்தால், கூடுதல் ஆள் இருந்ததையே நீங்கள் மறைத்ததாகிவிடும்.

இதைவிடச் சுலபமான வழி ஒரு கேள்விதான். பதிவு வந்தவுடன், "குழந்தைகள், பெரியவர்கள், டிரைவர் எல்லாரையும் சேர்த்து மொத்தம் எத்தனை பேர்?" என்று எழுதிக் கேட்கிறேன். இதைக் கேட்கத் தொடங்கியதிலிருந்து இந்தத் தலைவலி முக்கால்வாசி குறைந்தது.

டிரைவர் என்றதும் ஒன்று. டிரைவருக்கு இடம் கேட்பதை நிறைய வீட்டுக்காரர்கள் தொல்லையாக நினைக்கிறார்கள். விருந்தாளிகளில் சிலரும் "அவர் வண்டிலயே படுத்துக்குவார்" என்பார்கள். அத்தனை கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த ஆள், மறுநாள் அதே வழியில் குடும்பத்தை இறக்கிக் கொண்டுபோக வேண்டியவர், குளிரில் சீட்டில் சாய்ந்து கிடந்தால் எப்படி ஓட்டுவார்? கார் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில், கம்பளி, பாத்ரூம் வைத்திருக்கிறேன். அதற்குக் காசு கிடையாது.

தீ, பாட்டில், காளான்

இங்கே ஒப்பிட அதிகம் இல்லை. முடியாது என்பது மட்டும்தான் வழி. ஆனால் அதை எப்படிச் சொல்வது என்பதில் வித்தியாசம் உண்டு.

நான் செய்த பெரிய தப்பு கேம்ப் ஃபயரில். கல்லூரிப் பையன்கள் ஆறு பேர், மரியாதையான பையன்கள், "அக்கா அக்கா" என்று கேட்டார்கள். "சின்னதா, பத்து மணி வரைக்கும்" என்று சொல்லிவிட்டேன். பாதிச் சரி. சின்னது என்றால் எவ்வளவு சின்னது? பத்து மணிக்கு யார் அணைப்பது? பதினொன்றரைக்கு நான் இறங்கிப் போனபோது விறகு தீர்ந்து, வேலிக் கம்புகள் எரிந்துகொண்டிருந்தன. மார்ச் மாதம். புல் காய்ந்து பஞ்சு மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஸ்வெட்டரும் மப்ளருமாக வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வாளித் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தார். அதன்பிறகு என்னோடு அவர் பேச எட்டு மாதம் ஆனது. அவர் பயந்தது நியாயம். இதே மலைத்தொடரில், 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாட்டிக்கொண்டு இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

முழுச் சரிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு, முழு முடியாதுக்கும் உண்டு. பாதிச் சரிக்குக் கிடையாது. அந்தப் பையன்கள் என்னை ஏமாற்றவில்லை, நான் சொன்னதை அவர்களுக்குத் தோன்றியபடி புரிந்துகொண்டார்கள்.

மற்றவையும் இதே வகைதான். இரவு பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர்: ஒலி மாசு விதிகளின்படி பத்திலிருந்து காலை ஆறு வரை கிடையாது. டாஸ்மாக் பத்து மணிக்கு மூடிய பிறகு "எங்கயாவது கிடைக்குமா" என்பது: எங்கள் அண்ணனை அனுப்ப மாட்டேன். இரண்டு பெட்டித் தண்ணீர் பாட்டில் வாங்கி வையுங்கள் என்பது: 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் கூஜாவில் வைக்கிறேன். "ஐடி ஒருத்தரோடது போதும்ல?" என்பது: போதாது, எல்லாருடையதும் வேண்டும். வெளிநாட்டவர் என்றால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தகவலும் கொடுக்க வேண்டும். கடைசியாகக் காளான். கொடைக்கானல் என்றாலே சிலருக்குப் போதைக் காளான்தான் ஞாபகம் வருகிறது. அதில் இருக்கும் சைலோசைபின் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. இதற்கு நான் பதிலே எழுதுவதில்லை. எங்கள் வீட்டில் மொட்டுக் காளான் குழம்பு நன்றாக இருக்கும் என்று மட்டும் சொல்வேன்.

காரணம் சொல்லி மறுப்பதா, சொல்லாமல் மறுப்பதா? என் அனுபவத்தில் சொந்தக் காரணம் பேரத்துக்குக் கதவு திறக்கும். "பக்கத்தில் வயசானவர் இருக்கிறார்" என்றால் "சத்தம் போட மாட்டோம் மேடம்" என்பார்கள். "புல் காய்ந்திருக்கிறது" என்றால் "நேத்து மழை பெய்ஞ்சிருக்கே". சட்டக் காரணத்தில் பேரம் இல்லை. அதற்காக இல்லாத சட்டத்தைச் சொல்லாதீர்கள். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது, ஒரு தடவை பொய் என்று தெரிந்தால் அடுத்து நீங்கள் சொல்லும் மெய்யையும் கேட்க மாட்டார்கள். சட்டம் இல்லாத இடத்தில் "எங்கள் வீட்டில் அது இல்லை" என்பது போதும்.

ஹீட்டரை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று எனக்குக் குழப்பம். ஒரு ஹீட்டர் 2,000 வாட், கீசரும் கிட்டத்தட்ட அவ்வளவே. இரண்டு ஹீட்டரும் கீசரும் சேர்ந்து ஓடினால் 6 கிலோவாட். எங்கள் பழைய வயரிங்குக்கு அது ஆகாது, வீடே ட்ரிப் ஆகும். அறைக்கு ஒரு ஹீட்டர்தான். இரண்டாவது கேட்டால் வெந்நீர்ப் பை ஆளுக்கு ஒன்று கொடுக்கிறேன். அதைக் காலடியில் வைத்துப் படுத்தவர் யாரும் திரும்ப ஹீட்டர் கேட்டதில்லை.

யார் சொல்வது, எதில் சொல்வது

இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, ஆனால் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. நான் முடியாது என்றால் அடுத்த கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார் இருக்காரா?" வீடு என் பெயரில். வாடகை, வரி, லாரித் தண்ணீர் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். என் கணவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், ரோஜாச் செடிக்கு மருந்தடிப்பது தவிர வேறெதிலும் தலையிட மாட்டார். ஆனால் அவர் வந்து நான் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னால் "ஓகே சார்" என்று போய்விடுவார்கள். ஒரு வருடம் இந்த வழியையே பயன்படுத்தினேன், வேலை சீக்கிரம் முடிகிறதே என்று. அப்புறம் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வருகிறவர் எல்லாரும் என் பதிலை முன்னுரையாக எடுத்துக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தார்கள். இப்போது அவரே, "மேடம் சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டு ரோஜாவுக்குத் திரும்பிவிடுகிறார்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளை விட்டு மறுக்க வைப்பது அதைவிட மோசம். வெளியூரில் இருந்துகொண்டு வீடு விடுகிறவர்களுக்கு வேறு வழி இல்லை என்று தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவருக்கு டிப்ஸ் கொடுக்கப்போவது விருந்தாளி. இரவு ஒன்பது மணிக்கு இரண்டு கிலோ மட்டனைக் கையில் கொடுத்து, "அண்ணே, அக்காவ ஒரு வறுவல் போடச் சொல்லுங்க" என்றால் அவர் எப்படி மாட்டேன் என்பார்? அவர் மனைவி பதினொன்றரை வரை அடுப்படியில் நிற்பார். எங்கள் அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது ஒரே வரி: "மேடத்தக் கேட்டுச் சொல்றேன் சார்." அவர் நல்லவராக இருக்கட்டும், கெட்ட பெயர் எனக்கு இருக்கட்டும். சமையல் வேண்டுமென்றால் மாலை ஐந்துக்குள் சொல்ல வேண்டும், கூலி தனி, அது முழுக்க அவர் மனைவிக்கு.

போனில் சொல்வதா, எழுத்திலா? எழுத்தில். போனில் பேசினால் நான் இளகிவிடுவேன், அவர்கள் அழுத்துவார்கள். பேச வேண்டி வந்தாலும், வைத்தவுடன் "நீங்கள் கேட்டது இது, நான் சொன்னது இது" என்று தளத்தின் செய்திப் பெட்டியில் இரண்டு வரி போட்டுவிடுகிறேன். அது அடுத்த விஷயத்துக்கு மிகவும் தேவைப்படும்.

பணத்தைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் நட்சத்திரம்

வெளிப்படையாக இப்படிக் கேட்பவர்கள் குறைவு. "ரிவ்யூ எழுதப் போறோம், அதுக்கு முன்னாடி ஏதாவது பண்ணுங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். கொடுத்துவிடலாம். இரண்டாயிரம் ரூபாய்தானே என்று ஒரு தடவை ஜிபே செய்தேன். அதன்பிறகும் மூன்று நட்சத்திரம்தான் போட்டார்கள்.

விதிகளைப் பார்த்தால் பயம் கொஞ்சம் குறையும். ஏர்பிஎன்பியில் ரிவ்யூவைக் காட்டி மிரட்டிப் பணமோ சலுகையோ கேட்பது தடை. அந்த மிரட்டல் செய்திப் பெட்டியில் எழுத்தாக இருந்தால், ரிவ்யூவை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். போனில் மிரட்டியதற்கு என்ன சாட்சி? இரண்டு தரப்பும் ரிவ்யூ எழுத 14 நாள் அவகாசம். இரண்டு பேரும் எழுதும் வரையோ அந்த 14 நாள் முடியும் வரையோ ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அதனால் அவசரப்பட்டு எழுதவும் வேண்டாம், பயந்து எழுதாமல் இருக்கவும் வேண்டாம். அவர்கள் எழுதியதற்குக் கீழே பதில் எழுத 30 நாள் உண்டு. கோபம் தணிய அது போதுமான நாள்.

நல்ல வீட்டுக்காரர்களுக்கு ஏர்பிஎன்பி கொடுக்கும் சூப்பர்ஹோஸ்ட் பட்டத்துக்குச் சராசரி 4.8 வேண்டும். இருபது பேரில் பத்தொன்பது பேர் ஐந்து போட்டு ஒருவர் ஒன்று போட்டாலும் சராசரி 4.8-தான். இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. இருபது பேருக்கு ஒருவர் என்றால் தாங்கலாம். பத்துப் பேருக்கு ஒருவர் அப்படிப் போட்டால் 4.6 ஆகிவிடும், அப்போது குறை விருந்தாளிகளிடமா நம்மிடமா என்று பார்க்க வேண்டும். புதிதாகத் தொடங்கி ரிவ்யூவே நாலைந்துதான் இருக்கிறது என்பவர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் பணமாக வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாடு, இரண்டு மணி நேரம் தாமதமாகக் காலி செய்வது, அப்படி ஏதாவது.

தொல்லை பிடித்தவர் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பதிவையே ரத்து செய்துவிடலாமே என்று கேட்பார்கள். செய்யலாம், விலை அதிகம். ஏர்பிஎன்பியில் வீட்டுக்காரர் ரத்து செய்தால், வர 30 நாளுக்கு மேல் இருந்தால் பதிவுத் தொகையில் 10 சதவீதம், 30 நாளுக்குள் என்றால் 25, கடைசி 48 மணி நேரத்தில் 50 சதவீதம் அபராதம். குறைந்தது 50 டாலர். எங்கள் இரண்டு நாள் வாடகையில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். சூப்பர்ஹோஸ்ட் பட்டத்துக்கு ரத்து விகிதம் ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வேறு. விருந்தாளியே விதி மீறப்போவதாக எழுதியிருந்தால், உதாரணமாகப் பார்ட்டி வைக்கப் போகிறோம் என்று, தளத்திடம் சொல்லி அவர்கள் வழியாக ரத்து செய்யச் சொல்வதுதான் புத்திசாலித்தனம். பார்ட்டி அங்கே 2022-லிருந்து நிரந்தரமாகவே தடை. நேரடிப் பதிவில் இந்தச் சங்கடம் இல்லை, அட்வான்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டால் முடிந்தது. நேரடிப் பதிவில் கை கொடுக்கவும் யாரும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தப் பனி. வாட்ஸ்அப்பைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு படி இறங்கிப் போனேன். சார் இருக்காரா என்று கேட்டார், இல்லை என்றேன். டிசம்பரில் பனி என் கையில் இல்லை, பணம் திருப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மேலே வந்து அதையே எழுதியும் அனுப்பினேன். எங்கள் மாடியிலிருந்து காலை ஆறரைக்கு ஒரு பத்து நிமிடம் பள்ளத்தாக்கு தெரியும் சமயங்கள் உண்டு, தெரிந்தால் எழுப்புகிறேன் என்று சேர்த்து எழுதினேன். மறுநாள் ஆறே முக்காலுக்குக் கதவைத் தட்டினேன். போர்வையோடு மாடிக்கு வந்து ஏழெட்டு நிமிடம் பார்த்தார்கள், அதற்குள் மூடிக்கொண்டது.

பதிவுப் பக்கத்தில் இருந்த ஆறு படமும் ஏப்ரல் வெயிலில் எடுத்தது என்பது அவர்கள் போன பிறகுதான் உறைத்தது. ஒன்றை எடுத்துவிட்டுப் பனியில் எதிர்வீடுகூடத் தெரியாத ஒரு படத்தைப் போட்டேன். அவர்கள் நாலு நட்சத்திரம் போட்டிருந்தார்கள். "வீடு நல்லா இருக்கு, டீ சூப்பர், பனி ஜாஸ்தி."